தங்கப் பெயிண்ட் அடித்த ஜெனரேட்டர்

சித்தப்பா ஜெனரேட்டருக்குத் தங்க நிறப் பெயிண்ட் அடித்த மறுநாளே கரண்ட் போனது.

அம்மாவின் கோழிக்குஞ்சு பொரிப்பகத்தில் அன்று பார்த்துக் குஞ்சுகள் வெளிவரும் நாள். பொரிப்புப் பெட்டியின் கண்ணாடிக் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாள் சுண்டு. உண்மைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

மேல்தட்டு முட்டை ஒன்றில் விரிசல். அதன் வழியே குட்டி அலகு ஒன்று முட்டி மோதிக்கொண்டிருந்தது.

சித்தப்பா ஜெனரேட்டரின் சாவியைத் திருப்பினார். டை கட்டி, அதில் பளபளக்கும் பின் ஒன்றைக் குத்தியிருந்தார். போன மாதம்தான் தனக்குத் தானே 'தலைமை மேலாளர்' என்று பதவி உயர்வு கொடுத்துக்கொண்டார். அவருக்குக் கீழே யாரும் இல்லை. மேலே அம்மா இருந்தார்.

முதலில் ஜெனரேட்டர் ஒழுங்காகத்தான் ஓடியது. பிறகு 'ஊஊம்' என்று எகிறியது. 'உர்ர்' என்று இறங்கியது. மறுபடியும் எகிறியது. விளக்குகள் பளிச்சிட்டு மங்கின. பெட்டிக்குள் மின்விசிறி தாறுமாறாகச் சுற்றியது.

"ஐயோ, மோட்டார் கருகிடும்!" அம்மா ஓடிப்போய்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார்.

மோட்டார் தப்பியது. சூடு இல்லாமல் குஞ்சுகள் தப்ப வேண்டுமே?

"தம்பி, என்னாச்சு இதுக்கு?"

"ஒண்ணுமில்ல அண்ணி. புதுப் பெயிண்ட் இல்லையா, கொஞ்சம் கம்பீரமா உறுமுது."

"மெக்கானிக்கைக் கூப்பிட்டீங்களா?"

"பாலத்துல டிராஃபிக்ல மாட்டிக்கிட்டாராம். அவர் எதுக்கு? நான் பார்க்காத எஞ்சினா?"

பார்த்தார். பார்க்க மட்டுமே செய்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அணிவகுப்பைப் பார்வையிடும் தளபதி மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

வெப்பமானியின் முள் இறங்கிக்கொண்டே போனது. விரிசலுக்குள் அலகு அசைவது நின்றுவிட்டது.

சுண்டுவுக்குப் பயத்தில் நாக்கு வறண்டது. கையிலிருந்த அட்டை ஜூஸ் டப்பாவை ஸ்ட்ராவால் வேகவேகமாக உறிஞ்சினாள். டப்பா ஒட்டிப்போனது; ஜூஸ் நின்றது. வாயை எடுத்தாள். 'புளுக்!' காற்று உள்ளே போனது, டப்பா உப்பியது. மறுபடி உறிஞ்சினாள். ஜூஸ் வந்தது.

அப்படியே நின்றாள். போன வாரம் நன்றாக ஓடிய எஞ்சின். அதற்குப் பிறகு மாறியது பெயிண்ட் மட்டும்தானே?

"சித்தப்பா, டீசல் டேங்க் மூடியில ஒரு குட்டி ஓட்டை இருக்குமே, அது எங்க?"

"அதுவா? அசிங்கமா இருந்துச்சு. ரெண்டு தடவை பெயிண்ட் அடிச்சு அடைச்சுட்டேன்!"

"அப்ப காத்து எப்படி உள்ள போகும்?"

"டேங்குக்கு எதுக்குடி காத்து? அது என்ன மூச்சா விடுது?"

சுண்டு டப்பாவை நீட்டி, உறிஞ்சிக் காட்டினாள். டப்பா ஒட்டியது. "இப்ப எனக்கு ஜூஸ் வரல. அதே மாதிரி எஞ்சினுக்கு டீசல் சரியா வரலம்மா. அதான் தவிக்குது!"

அம்மா டப்பாவைப் பார்த்தார். தங்க மூடியைப் பார்த்தார். ஜெனரேட்டரை நிறுத்திவிட்டு மூடியைத் திருகினார். பெயிண்ட் பிடித்துக்கொண்டு அசைய மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே திருகு.

'உஸ்ஸ்ஸ்!'

"மூச்சு விடுது சித்தப்பா!" என்றாள் சுண்டு.

"ஓட்டையைக் குத்தி எடுக்கணும். ஊசி மாதிரி ஏதாவது இருக்கா?" என்று அம்மா கேட்டார். கேட்கும்போதே அவர் கண்கள் சித்தப்பாவின் டையில் நின்றன.

"அண்ணி, இது பதவிக்குன்னு வாங்கினது..."

"தம்பி!"

டை பின் வாழ்க்கையிலேயே முதன்முறையாக ஒரு வேலை பார்த்தது.

மூடியை மாட்டி, சாவியைத் திருப்பினார் அம்மா. 'தடதடதட...' மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். எஞ்சின் எகிறவில்லை, இறங்கவில்லை. அம்மா பெட்டியின் சுவிட்சைப் போட்டார். முள் மெல்ல மெல்ல ஏறியது.

விரிசல் முட்டை மட்டும் அசையவே இல்லை.

"வந்துடுடா, வந்துடு," என்று சுண்டு கண்ணாடியோடு பேசினாள்.

'டிக்.'

முட்டை உருண்டது. ஓடு இரண்டாகப் பிளந்தது. ஈரத் தலையை நீட்டி, 'கீச்' என்றது ஒரு மஞ்சள் குஞ்சு.

சுண்டு அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சித்தப்பா டையைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைச் செருமினார்.

"பாத்தீங்களா அண்ணி? அப்படியே என் பெயிண்ட் கலர்!"