அரம் போட்ட விசை

மூலையில் சாத்தியிருந்த ரைஃபிளுக்குள் ‘டக்’ என்று சத்தம் கேட்டது. யாரும் அதைத் தொடவில்லை.

வீரபாண்டி சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்தான். ஜன்னல் ஏசி அப்போதுதான் அறையையே ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு ஓடத் தொடங்கியிருந்தது. காலையில் அரம் போட்ட இரும்புத்தூளின் வாடையும் துப்பாக்கிக்குத் தடவிய எண்ணெயின் வாடையும் மீன்குழம்பை மீறிக்கொண்டு மூக்கில் ஏறின.

“எண்ணே, விசை தானாட்டு விழுது,” என்றான் அறைத்தோழன் இஸ்ரவேல். “கூடக் கொஞ்சம் ராவிட்டியளோ?”

“வலை பின்னுனவனுக்கு இதெல்லாம் என்னடா தெரியும்?”

சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளிவைத்தான். ராசல்கைமாப் பட்டறையில் லேத் ஓட்டுகிறவன் அவன். விசா கொடுத்த முதலாளி கபீலின் தம்பி சலீம் இந்தப் பழைய போல்ட் ரைஃபிளைக் கொண்டுவந்து, விசை கனமாக இருக்கிறது, இளக்கிக் கொடு என்றபோது சிரிப்புதான் வந்தது. நகம் உடைந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற பயல். அப்பன் விட்டுப்போன துப்பாக்கியும் சொத்தும் இல்லையென்றால் ஒட்டகம்கூட இவனை மதிக்காது. பூப்போன்ற விரலுக்குப் பூப்போல இருக்கட்டும் என்று சுடும் ஊசியைப் பிடித்து நிறுத்தும் விசைக்கொக்கியின் முனையை அரத்தால் ராவினான். ராவ ராவ சுகமாக இருந்தது. ஒரு இழுப்பு கூடிப்போனது கைக்கு உடனே தெரிந்தது. ராவிய இரும்பு திரும்ப வராது.

இப்போது தோட்டா இல்லாமல் போல்ட்டை இழுத்துத் தள்ளி ஏற்றிவைத்தான். கதவைச் சாத்தினான். அந்த அதிர்வுக்கே டக். மறுபடி ஏற்றினான். இஸ்ரவேல் கட்டிலில் உட்கார்ந்தான். டக். அதற்குப் பிறகு அந்த மூலைக்கு முதுகைக் காட்டவே வீரபாண்டிக்குப் பயமாக இருந்தது.

“சொல்லிருங்கண்ணே. ஆளு செத்துரும்.”

“அந்த மண்டூகத்துக்கிட்டப் போயி, நான் கெடுத்துட்டேன்னு நிக்கச் சொல்றியா?”

சலீம் வந்தான். “கலாஸ், பாய்?” என்றான், வேலை முடிந்ததா என்று.

“கலாஸ், அர்பாப். ஃபுல் ஓகே.” அர்பாப் என்கிற முதலாளி மரியாதை வாயில் மட்டும்தான்.

தள்ளி நின்று குறிபார்த்துச் சுடத்தானே போகிறான் என்று தேற்றிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை மாலை கபீல் வீட்டுக் கல்யாணம். வேலைக்காரர்களுக்கும் சாப்பாடு. எப்போதும் கூத்தாடிப் பயல்கள் என்று முனகிவிட்டுப் பார்சலோடு ரூமுக்குத் திரும்பிவிடுகிறவன் வீரபாண்டி. இவர்களுடைய ஆட்டத்தை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இன்றைக்குக் கால் நகரவில்லை. மேளம் நெஞ்செலும்பில் அடித்தது. துப்பாக்கி ஏந்தி ஆடும் ஆண்கள் வரிசையில் சலீம். வானத்தைப் பார்த்து ஒருமுறை சுட்டான். போல்ட்டை இழுத்துத் தள்ளினான். அடுத்த தோட்டா உள்ளே ஏறியது. வீரபாண்டியைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

பக்கத்தில் நின்றவன் தன் ரைஃபிளைச் சுழற்றி மேலே எறிந்தான். இறங்கும்போது ஏந்திப் பிடித்தான். அடுத்தவனும் எறிந்தான், பிடித்தான். அவர்களுடையதெல்லாம் தோட்டா இல்லாத வெறும் துப்பாக்கி.

அடுத்தது சலீம்.

“அர்பாப்! மாஃபி! மாஃபி!” வேண்டாம் என்று கத்தினான் வீரபாண்டி.

மேளம் விழுங்கிவிட்டது. 

ரைஃபிள் ஏறியது. சுழன்றது. குழல் பந்தல் பக்கம். குழல் வீரபாண்டி பக்கம். உச்சியில் ஒரு கணம். பிறகு குழல் கீழே பார்க்க இறங்கியது.

விரித்த இரண்டு கைகளுக்கும் நடுவே, அண்ணாந்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தது சலீமின் முகம்.