கூண்டில் மிஞ்சிய உடுப்பு

"நீயும் ஜுலியாவின் அளவுதானோ?" என்று வேலைக்குச் சேர்ந்த அன்று வீட்டுக்காரி சின்யோரா கேட்டார். அமலினி கூச்சத்துடன் தலையாட்டினாள்.

ஜுலியா சின்யோராவின் ஒரே மகள். அமலினியின் வயதுதான். பெரிய வெள்ளைச் சுறாக்களை அவதானிக்கப் போன குழுவோடு இரும்புக் கூண்டில் கடலுக்குள் இறங்கியவள். கூண்டைத் தூக்கியபோது அவளுடைய சுழியோடும் உடுப்பு மட்டுமே உள்ளே இருந்தது. முதுகு ஜிப் கழுத்துவரை பூட்டியபடி, ஒரு கிழிசலும் இல்லாமல்.

அந்தக் கறுத்த ரப்பர் உடுப்பை நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போடுவதும் அமலினியின் வேலை. எவ்வளவு அலசினாலும் உப்பு மணம் போகவில்லை. பொலிதேயாமா வீதியைப் பார்த்த பல்கனியில், கொளுத்தும் வெயிலில் நாள் முழுக்கத் தொங்கிய பிறகும் அதன் கைநுனியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அக்கா றோசமலரிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். "நீ கடலிலை கால் நனைச்சதே கோயில் திருநாளுக்குப் போன நேரந்தான். உனக்கேனடி சுறாக் கதை?"

அது சுருக்கென்று தைத்தது. மறுநாள் பிற்பகல் சின்யோரா வெளியே போனதும், அமலினி குளியலறையில் தன் பூப்போட்ட சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அந்த உடுப்புக்குள் நுழைந்தாள். கண்ணாடியில் ஒருமுறை பார்த்தால் போதும். முதுகில் தொங்கிய நாடாவை இழுத்தாள். ஜிப் சர்ரென்று கழுத்துவரை ஏறி, அங்கேயே இறுகிக்கொண்டது.

இழுத்தாள். குனிந்தாள். சவர்க்காரம் பூசினாள். அசையவில்லை. இந்த நாட்டில் தங்கும் அனுமதியான பெர்மெசோவைப் புதுப்பிக்க அடுத்த கிழமை சின்யோராவின் கையெழுத்து வேண்டும். செத்த மகளின் உடுப்போடு இவளைக் கண்டால் வேலையும் போகும், விசாவும் போகும்.

கைபேசி அடித்தது. பக்கத்து வீதியில் வேலை செய்யும் அக்கா.

"என்னடி, மூச்சு வாங்குது?"

"ஒண்டுமில்லை அக்கா. படி ஏறினனான்."

"வரட்டோ?"

"வேண்டாம்."

சொல்லும்போதே வெட்கத்தில் காது சுட்டது.

பிறகுதான் கணுக்கால் குளிர்ந்தது. உடுப்புக்குள் தண்ணீர். முழங்கால், தொடை, இடுப்பு என்று அவசரமில்லாமல் ஏறியது. வெளியே ஒரு சொட்டும் சிந்தவில்லை. கண்ணாடிக்குள் குளியலறை மங்கி நீலமாகியது. அந்த நீலத்தின் ஆழத்தில் வெளிறிய பெரிய உடல் ஒன்று ஒரு சுற்றுச் சுற்றிப் போனது. திரும்பவும் வந்தது. இம்முறை கிட்ட. கறுத்த கண். அது அவளைப் பார்த்தது. நிதானமாகப் பார்த்தது.

வாசல் கதவு திறந்தது. சின்யோராவின் செருப்புச் சத்தம். கூப்பிட்டால் போதும்.

இந்தக் கோலத்திலா?

வாயை மூடிக்கொண்டாள்.

தண்ணீர் கழுத்துக்கு வந்தது. சுவரைப் பிடிக்கக் கை நீட்டினாள். இரும்புக் கம்பி தட்டுப்பட்டது. இந்தப் பக்கமும் கம்பி. அந்தப் பக்கமும்.

கம்பிகளுக்கு அப்பால், குளியலறை நிலத்தில், தலை நனைந்த ஒருத்தி நின்றாள். அமலினியின் வயதுதான், அளவும் அதேதான். பூப்போட்ட சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள். பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினாள். அமலினி கம்பியை அறைந்தாள். சத்தம் எழவில்லை. முதுகுக்குப் பின்னால் நீர் புரண்டது.

சட்டை மாட்டியவள் ஒருதரம் திரும்பிக் கூண்டைப் பார்த்தாள். பிறகு விளக்கை அணைத்துவிட்டு வெளியே போனாள்.