நாற்பத்தோராயிரத்து எண்ணூற்று அறுபது பேர்

2011 ஆகஸ்டில் ஒரு முற்பகல். சிதம்பரம் மேலவீதியில் லோகநாயகி நடத்திவந்த விளம்பர அலுவலகத்துக்குள் பிரிசில்லா வந்து உட்கார்ந்தாள். கடலூரில் ஒரு செவிலியர் பயிற்சிப் பள்ளியில் அவள் ஆசிரியை. பத்து நாளில் கல்யாணம். முடிந்ததும் மாப்பிள்ளை ஆரோக்கியராஜோடு மஸ்கட் போவதாக ஏற்பாடு. அங்கே மருத்துவமனையில் அவளுக்கு வேலை உறுதியாகியிருந்தது.

"கல்யாணத்த நிறுத்திட்டாங்க மேடம்," என்று ஒரு தாளை நீட்டினாள். ஃபேஸ்புக்கில் வந்த விளம்பரத்தின் நகல். அவளுடைய புகைப்படம், கீழே ஒரே வரி: 'கல்யாணத்துக்கு முன் பெண் படித்த இடத்தில் விசாரித்தீர்களா?' வேறு எழுத்தோ எண்ணோ அதில் இல்லை.

"விசாரிச்சா என்ன தெரியும்?" என்றாள் லோகநாயகி.

"ஒண்ணும் தெரியாது மேடம். முதல் வகுப்புல பாஸ் பண்ணேன்னு சொல்லுவாங்க."

"யாரு பாத்தாங்க இத?"

"ஆரோக்கியராஜுக்குத்தான் வந்துது. அவரு பெண்ணாடம் சர்க்கரை ஆலையில வேலை பாக்கறாரு. அவரு அக்கா வீட்டுக்காரரு அன்பரசு அன்னிக்கே எங்களுக்கு போன் பண்ணி, 'நாப்பத்தோராயிரத்து எண்ணூத்தி அறுபது பேரு பாத்தாச்சு, இனிமே நாங்க தெருவுல எப்படி நடக்கறது'ன்னாரு."

லோகநாயகி அந்த எண்ணை மட்டும் குறித்துக்கொண்டாள்.

பக்கத்து மேசையில் இருந்த ராஜாமணிக்குக் கை பரபரத்தது. லோகநாயகியின் தாய்மாமன் அவர். தாலுகா அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, மருமகளிடம் வரும் இந்த மாதிரி விவகாரங்களுக்காகவே காலையில் சட்டையை மாட்டுகிறவர். "கூட வேலை பாக்கற எவளோ ஒருத்தி. மஸ்கட் வேலை கிடைச்ச வயித்தெரிச்சல்," என்றார், பிரிசில்லா படி இறங்கியதும்.

"இருக்கலாம் மாமா. நீங்க அந்தப் பயிற்சிப் பள்ளிக்குப் போய், பொண்ணுங்கள்ல எத்தனை பேரு இந்த விளம்பரத்தைப் பாத்தாங்கன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க."

மறுநாள் ராஜாமணி முகம் தொங்கத் திரும்பினார். "முப்பத்திரண்டு பொண்ணுங்க. எல்லாம் பொழுதன்னிக்கும் ஃபேஸ்புக்லயே கெடக்குதுங்க. ஒண்ணு கூட பாக்கலம்மா."

"நல்லது," என்றாள் லோகநாயகி. அதில் என்ன நல்லது என்று அவருக்கு விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், கடலூர் முதுநகரில் மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் எல்லோரும் கூடினார்கள். ஆரோக்கியராஜ் தலை குனிந்திருந்தான். அக்கா ஜான்சி கதவோரம் நின்றாள். அவள் கணவன் அன்பரசு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான். பிரிசில்லா ராஜாமணியின் பக்கத்தில். உள்ளறையில் ஆரோக்கியராஜின் தாய் படுக்கையில் இருந்தாள்.

லோகநாயகி மடிக்கணினியைத் திறந்தாள். "எங்க தொழில்ல தினமும் செய்யறதுதான். விளம்பரம் போடும்போது யாருக்குக் காட்டணும்னு குறிச்சா, எத்தனை பேருக்குப் போகும்னு ஓரத்துல உத்தேசமா ஒரு கணக்கு வரும். இப்ப கடலூர், பதினெட்டு வயசுக்கு மேலன்னு போடறேன்."

திரையின் ஓரத்தில் 41,920 என்று வந்தது. ராஜாமணி நாற்காலியை முன்னுக்கு இழுத்தார்.

"போன வாரத்த விட அறுபது பேரு கூடியிருக்காங்க. இப்ப ஆம்பளை, இருபத்தொன்பது வயசு, நிச்சயமானவர், சர்க்கரை ஆலையில வேலைன்னு சேக்கறேன்."

எண் சரசரவென்று இறங்கி, 'இருபது பேருக்கும் குறைவு' என்று நின்றது.

ஆரோக்கியராஜ் நிமிர்ந்தான். "அப்போ ஊரு பாக்கலையா?"

"பாக்கல தம்பி. பொண்ணு வேலை பாக்கற எடத்துலயே ஒருத்தருக்கும் வரல. உங்களுக்குன்னே குறி வச்சுப் போட்டது. ஆனா அத போடறதுக்கு முன்னாடி யாரோ மொதல்ல கடலூர் முழுக்கவும் போட்டுப் பாத்திருக்காங்க. அப்ப வந்த நாப்பத்தோராயிரத்து எண்ணூத்தி அறுபது மனசுல பதிஞ்சிடுச்சு." தாளை எடுத்துக் காட்டினாள். "விளம்பரத்துல அந்த எண் கெடையாது. அது போடறவங்க திரையில மட்டும்தான் வரும். அன்பரசு சார், உங்களுக்கு எப்படித் தெரிஞ்சிது?"

"எவனோ சொன்னான்."

"யாரு?"

அன்பரசு உள்ளறைப் பக்கம் பார்த்தான். உள்ளறையில் கிழவி இருமினாள்.

"இவுங்க ரெண்டு பேரும் மஸ்கட் போயிட்டா அத்தைய யாரு பாக்கறது?" என்றான் அன்பரசு. "படுத்து ரெண்டு வருஷமாச்சு. ஜான்சி ஒரு ராத்திரி முழுசா தூங்கி எத்தினி நாளாச்சு தெரியுமாடா உனக்கு? வாயத் தொறந்து கேட்டா மட்டும் இருந்துடுவியா?"

"அதுக்கு ஒரு பொண்ணு பேரக் கெடுப்பீங்களா?" என்று கேட்ட ஜான்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆரோக்கியராஜ் பிரிசில்லாவின் பக்கம் திரும்பினான். "நான் வந்து... என்ன சொல்றதுன்னு..."

"உங்க மச்சான் போட்டது அவரு கஷ்டத்துல போட்டது," என்றாள் பிரிசில்லா. "நீங்க ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் எழுந்து உள்ளறைக்குப் போனாள். கிழவியின் தோளை மெல்லத் திருப்பி முதுகைப் பார்ப்பது ராஜாமணிக்குத் தெரிந்தது.

"புண்ணு வச்சிருக்கு," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "வெந்நியும் சுத்தமான துணியும் யாராவது கொண்டாங்க."

ஜான்சி அசைவதற்குள் ஆரோக்கியராஜ் அடுப்படிக்கு ஓடினான்.