வெறும் தட்டு

எதையும் போடாத தட்டில் எதுவோ முளைத்திருந்தது.

ஜம்புநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தான். கண்ணாடியில் குறையில்லை. தட்டில்தான். உள்ளங்கை அகலத்தில் ஒரு வட்டத் தட்டு, அதில் ஆறி இறுகிய கஞ்சியைப் போல வெளிறிய, கிருமி வளர்க்கும் அகார் கூழ், அதன் மேல் பச்சையும் நீலமும் கலந்த புள்ளிகள். மயில் கழுத்து நிறத்தில், ஈரப் பளபளப்போடு, அழகாகவே இருந்தன. அழகாக இருப்பது மட்டும்தான் அந்தக் கிருமியிடம் உள்ள ஒரே நல்ல குணம்.

புனேயின் போசரி தொழிற்பேட்டையில் கைக்குழந்தைகளுக்கான பால்பவுடர் தயாரிக்கும் கம்பெனி அது. ஜம்புநாதன் அங்கே ஆய்வகத்தில் கிருமி தேடுபவன். ஒவ்வொரு பேட்சிலிருந்தும் முப்பது மாதிரி எடுத்து, ஊட்டக் கரைசலில் கலக்கி, சூட்டில் வைத்து, தட்டில் தீட்டி, மறுபடி சூட்டில் வைத்து, மூன்றாம் நாள் திறந்து பார்க்க வேண்டும். குரோனோபேக்டர் என்ற கிருமி இருந்தால் மயில் புள்ளி வரும். பெரியவர்கள் விழுங்கினால் ஏப்பம்கூட வராது. பிறந்து ஒன்றிரண்டு மாதமான குழந்தைக்குள் போனால் மூளைக்கு ஏறிவிடும். காய்ந்த பவுடருக்குள் வருடக்கணக்கில் சாகாமல் வறண்டு கிடக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் பட்டால் எழுந்துகொள்ளும்.

முப்பது தட்டும் சுத்தம். முப்பத்தோராவது தட்டில் எதையும் தீட்டுவதில்லை. அது சாட்சி, ஆய்வகத்தில் 'ப்ளாங்க்' என்பார்கள். மற்றத் தட்டுகளில் ஏதாவது வந்தால் அது பவுடரிலிருந்து வந்ததே தவிர, காற்றிலிருந்தோ ஜம்புநாதனின் கையிலிருந்தோ வரவில்லை என்பதற்கு அத்தாட்சி. சாட்சிக்குச் சொல்ல எதுவும் இருக்கக் கூடாது. இதுவோ வியாழக்கிழமை முதல் சுற்றிலேயே வாயைத் திறந்துவிட்டது. அன்றைக்கு ஏழு புள்ளிகள், பிறை மாதிரி. சோதனை செல்லாது என்று முதலிலிருந்து ஆரம்பித்தான். இன்று ஞாயிறு, மதியம் மூன்று மணி. பத்தொன்பது புள்ளிகள். பிறை முழு வளையமாகிவிட்டது.

ஞாயிறு என்பதால் பவுடர் உலர்த்தும் கோபுரம் ஓடவில்லை. ஆறு நாளும் காதை அடைக்கிற அந்த இரைச்சல் நின்றபிறகு கட்டடத்தில் வேறு என்னென்ன சத்தங்கள் உண்டு என்பதே இன்றுதான் தெரிந்தது. தகரக் கூரையில் மழை, குழாய்க்குள் எதுவோ நகர்வது, டியூப்லைட்டின் முனகல், தட்டுகளைச் சூட்டில் வைக்கும் இன்குபேட்டரின் உறுமல். காற்றில் பாயசம் அடிபிடித்த வாசனை. இரண்டு வருடமாகப் பழகிய வாசனைதான். இன்றைக்குக் கொஞ்சம் புளித்திருந்தது.

மேலாளர் பாஸ்கருக்குப் போன் போட்டான். அவர் கோயம்புத்தூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.

"ஏனுங்க தம்பி, ஞாயித்துக்கெழமையாச்சும் மனுசன நிம்மதியா சோறு திங்க உடுவீங்களா?" பின்னால் மேளம்.

"சார், ப்ளாங்க் மறுபடி வளர்ந்திருக்கு."

"முப்பது?"

"முப்பதும் சுத்தம்."

"அப்பறமென்னங்க. பவுடரு சுத்தம், தட்டுதான் அழுக்கு. நாம தட்டையா விக்கறோம்?"

"ப்ளாங்க் வளர்ந்தா டெஸ்டே செல்லாது சார். திரும்ப மூணு நாள்..."

"செல்லாத டெஸ்ட்ல பவுடரு கெட்டதுன்னு வந்துச்சா? இல்லீல்ல? கெட்டதுன்னு வராத பவுடரு நல்ல பவுடருங்க. நாலு மணிக்கு லாரி. விலகல் படிவத்த நெரப்பிப் போடுங்க. காரணம்..."

"தெரியும் சார். நான்தான்."

"கோவிச்சுக்காதீங்க தம்பி. மெசின்தான் காரணம்னு எழுதுனா மெசின மாத்தோணும். நீங்கன்னு எழுதுனா ஒரு ட்ரெய்னிங்கோட போச்சு."

ஜம்புநாதன் போனை வைத்தான். விலகல் படிவத்தில் காரணம் என்ற கட்டத்துக்கு எதிரே 'ஆய்வாளரின் கவனக்குறைவு' என்று அவன் இதுவரை ஏழு முறை எழுதியிருக்கிறான். ஒவ்வொரு முறையும் கை கழுவும் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கை கழுவத் தெரியும் என்பதற்கு ஏழு சான்றிதழ் வைத்திருக்கும் ஒரே தமிழன் புனேயில் அவன்தான். எட்டாவதற்குப் பேனாவை எடுத்தான். எடுத்தபடியே உட்கார்ந்திருந்தான்.

கையா, காற்றா, அகாரா? அகார் என்றால் புதுத் தட்டுகளிலும் இருக்க வேண்டும். இந்தச் சந்தேகத்துக்காகவே வியாழக்கிழமை பத்துப் புதுத் தட்டுகளை, வாங்கிய பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், இன்குபேட்டரின் கீழ்த்தட்டில் வைத்திருந்தான். எழுந்து போய்க் கதவைத் திறந்தான். நாற்பத்தொன்றரை டிகிரி காற்று முகத்தில் பட்டது. ஜுரக் குழந்தையைத் தோளில் போட்டால் கழுத்தில் படுகிற மூச்சு.

உறை பிரியவில்லை. ஒட்டு அப்படியே இருந்தது. உள்ளே பத்துத் தட்டிலும் வளையம். எல்லாம் ஒரே அளவு, ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றே பெரியது. வளையத்துக்குள் புள்ளி எதுவும் இல்லை. ஆனால் அகார் அங்கே குழிந்திருந்தது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்தான். குழியின் ஓரம் மென்மையாக, வழவழப்பாக, கொஞ்சம் இழுபட்டு இருந்தது. கத்தியால் வெட்டியதல்ல. கரண்டியால் சுரண்டியதுமல்ல.

உறிஞ்சியது.

தன் புத்தி இந்தச் சொல்லை எங்கிருந்து எடுத்தது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அது கேட்டது. இன்குபேட்டரின் உறுமலுக்கு அடியில், ஈரமாக, சீராக, நடுநடுவே மூச்சு வாங்கிக்கொண்டு. ச்சுப். ச்சுப். ச்சுப். பிறகு ஒரு சின்ன இடைவெளி. பிறகு மறுபடி.

கதவைச் சாத்தினான். சத்தம் நிற்கவில்லை.

விசிறியின் எண்ணெய் வற்றியிருக்கும் என்று சொல்லிக்கொண்டான். அதற்கும் ஒரு படிவம் உண்டு.

கண்ணாடிக் கதவில் யாரோ தட்டினார்கள். துள்ளித் திரும்பினான். கோடவுன் பொறுப்பாளர் இர்பான். வாணியம்பாடி குடும்பம், மூன்று தலைமுறையாகக் கட்கி வாசம். தொப்பியிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது.

"சார், வண்டி லகா தியா, கீழ நிக்குது. உங்க சைன்தான் பாக்கி."

"சைன் கிடையாது இர்பான் பாய். ஹோல்டு."

"அரே, மறுபடியுமா? டிரைவர் என் தலையத்தான் திம்பான்." அவர் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று சிரித்தார். "சரி உடுங்க. பாப்பா எப்டி இருக்குது? நம்ம டப்பா சேந்துச்சா?"

"எந்த டப்பா?"

"போன திங்கக்கெழம குடுத்தனே சார். டென்ட் டப்பா."

கம்பெனியில் அது ஒரு வழக்கம். நிரப்பும் வரிசையில் ஒடுக்கு விழுந்த டப்பாவைக் கடைக்கு அனுப்ப முடியாது. வீட்டில் கைக்குழந்தை இருக்கும் ஊழியருக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒடுங்கிய டப்பாவின் அடியில் பேட்ச் எண் அடிப்பதில்லை. எண் இல்லாததால் அது சரக்கில்லை. சரக்கில்லை என்பதால் சோதனையும் இல்லை, நிறுத்திவைப்பதும் இல்லை. எல்லாரும் வாங்குவார்கள். நாற்பது நாள் முன்பு மகள் பிறந்ததும் ஜம்புநாதனும் வாங்க ஆரம்பித்தான்.

"அது பழைய பேட்ச்தானே பாய்?"

"பழசு எங்க சார் இருக்கு? திங்கக்கெழம லைன்ல ஓடுனது இதுதானே." இர்பான் கட்டைவிரலால் லாரியைக் காட்டினார்.

கோடவுனில் இரண்டாயிரம் டப்பாக்களின் மேல் 'நிறுத்தி வை' என்று சிவப்புச் சீட்டு ஒட்டியது ஜம்புநாதன். அதே பவுடரில் ஒரு டப்பா தாபோடியில், அவன் வீட்டுச் சமையல் மேடையில், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதைத் தன் கையாலேயே பையில் போட்டு, தன் பைக்கிலேயே கொண்டுபோய் வைத்திருந்தான்.

மனைவி ராஜஸ்ரீக்குப் போன் அடித்தான். நான்கு முறை அடித்து ஓய்ந்தது. ஐந்தாவது முறை எடுத்தாள்.

"ராஜி, புது டப்பாவ தொறந்தியா?"

"வெள்ளிக்கெழமையே தொறந்துட்டேன். பழசு தீந்துடுச்சில்ல."

"தண்ணி எப்படி வைக்கிற?"

"நீங்க சொன்ன மாதிரிதாங்க. நல்லா கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, கையில ஒரு சொட்டு உட்டுப் பாத்துட்டு."

ஆற வைத்து. கொதிக்க வைக்கச் சொன்னவன், ஆறுவதற்குள், கிருமி சாகும் அந்தச் சூட்டிலேயே பவுடரைக் கலக்கச் சொல்லவில்லை. சொன்னதாகத்தான் நினைத்திருந்தான்.

"பாப்பா என்ன பண்றா?"

"தூங்கறா. காலையிலேருந்து ஒரே தூக்கம். அழவே இல்ல. ரொம்ப சமத்து."

அவன் சுவரைப் பார்த்தான். எழாமல் தூங்குவதுதான் முதல் அறிகுறி என்று அவனே அடித்து, சட்டம் போட்டு, சுவரில் மாட்டிய தாள் எதிரே தொங்கியது.

"இனிமே ஒரு சொட்டு குடுக்காத. டப்பாவ மூடு. நான் வரேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இப்பத்தான் குடிச்சுக்கிட்டிருக்கா."

"தூங்கறான்னு சொன்னே?"

"தூங்கிக்கிட்டேதான் குடிக்கறா. சத்தம் கேக்கல?"

கேட்டது. ச்சுப். ச்சுப். ச்சுப். ஒரு சின்ன இடைவெளி.

போனைக் காதிலிருந்து எடுத்தான். அப்போதும் கேட்டது.

இர்பான் தன் போனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "பாஸ்கர் சார் ஊர்லேருந்தே ரிலீஸ் குடுத்துட்டாரு சார். சிஸ்டத்துல பச்சை வந்துடுச்சு."

"அனுப்பாதீங்க பாய். கெஞ்சிக் கேக்கறேன்."

"பச்சை வந்தப்பறம் நான் நிறுத்துனா என் பேர்ல படிவம் போடுவாங்க சார்." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. வருத்தப்பட்டுக்கொண்டே போனார்.

கீழே லாரி உறுமிக் கிளம்பியது. அதை மறிப்பதா, வீட்டுக்கு ஓடுவதா என்று ஒரு நொடி நின்றான். பிறகு பைக்குக்கு ஓடினான்.

நாசிக் பாட்டா சந்திப்பில் வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. ஞாயிற்றுக்கிழமை, மழை வேறு. ஒரு கல்யாண ஊர்வலம் குடை பிடித்து ஆடிக்கொண்டிருந்தது. ஹாரன் அடித்தான். கத்தினான். முன்னால் நின்ற ஆட்டோக்காரர் தலையை நீட்டி, "காய் ஜாலா பாவு? என்ன அவசரம்? பறந்து போ!" என்றார். மேலே மெட்ரோ யாரையும் சட்டை செய்யாமல் பறந்து போனது. மருத்துவமனைக்குப் போன் போட்டான். ஆங்கிலத்துக்கு ஒன்றை அழுத்து, இந்திக்கு இரண்டை அழுத்து, மராத்திக்கு மூன்றை அழுத்து. மூன்றையும் அழுத்திப் பார்த்தான். மூன்று மொழியிலும் காத்திருக்கச் சொன்னார்கள். காசர்வாடி வரை இசை கேட்டுக்கொண்டே வந்தான்.

இசைக்கு நடுவே, இசையோடு சேராமல், எதுவோ உறிஞ்சியது. போனை அணைத்துப் பையில் போட்டான்.

தாபோடி. சந்து. படி. இரண்டாம் மாடி.

கதவு சாத்தியிருக்கவில்லை.

ராஜஸ்ரீ ஹாலில் நின்றிருந்தாள். உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். சிரித்த முகம். ஜன்னல் திரைகளை இழுத்து விட்டிருந்தாள். வீடு முழுக்கப் பால் வாசனை. காலடியில் நெறுநெறுத்தது. டைல்ஸ் மேல் மெல்லிய வெள்ளைப் படலம்.

"டப்பாவ கொட்டிட்டியா?"

"டப்பா தீந்து போச்சு."

"ரெண்டு நாள்லயா?"

"பசி எடுத்தா குடுக்காம என்ன பண்றது?" மெதுவாகத்தான் சொன்னாள்.

படுக்கையறை. கட்டில் நடுவில், மஞ்சள் துணிக்குள், மகள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா? இருட்டில் தெரியவில்லை. காலையில் வேலைக்குக் கிளம்பும்போது தூக்கிக் கொஞ்சினான். மூன்று கிலோ எண்ணூறு, கையில் நன்றாக உட்கார்ந்த எடை. இப்போது இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தூக்கினான்.

கை சட்டென்று மேலே வந்தது.

எடையே இல்லை.

"பாப்பா," என்றான். கன்னத்தை விரலால் தொட்டான். சூடில்லை. ஜில்லிடவுமில்லை. வறட்சி. விரலை எடுத்தான். கன்னத்தில் பள்ளம் விழுந்திருந்தது. நிரம்பவில்லை. விரல் நுனியில் வெள்ளையாகப் பவுடர் ஒட்டியிருந்தது. துணி மடிப்பிலிருந்து நைசாக, சத்தமில்லாமல், ஒரு கோடு போல் கீழே வழிந்தது.

பழக்க தோஷத்தில் முதுகைத் தட்டிக்கொடுக்க ஒரு கையை உயர்த்தினான்.

"தட்டாதீங்க," என்றாள் ராஜஸ்ரீ. "கொட்டிடுவா."

அடுப்படிக்குப் போய்த் திரும்பினாள். கையில் தண்ணீர்க் கிண்ணம். ஆவி வரவில்லை. ஒரு சொட்டை எடுத்து மணிக்கட்டின் உள்பக்கம் விட்டுப் பார்த்தாள். பார்த்துத் தலையசைத்தாள்.

"வேண்டாம் ராஜி."

"பதமா இருக்குங்க. இப்ப எழுந்துடுவா."

அவனால் கையை நகர்த்த முடியவில்லை. நகர்த்தினால் சிந்தும்.

அவள் குனிந்து, கிண்ணத்தைச் சாய்த்து, மகளின் நெற்றியில் ஊற்றினாள்.

கண் திறக்கவில்லை. வாய்தான் திறந்தது. வட்டமாக, மெதுவாக, முகத்தை விடப் பெரிதாக.