ஆறாவது பலகை

"என் வீட்டுக்காரர் திருடன் இல்லைங்க" என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள் அந்தப் பெண். உட்காரக்கூட அவளுக்குப் பொறுமையில்லை.

அவள் தேடி வந்தது ஓர் அண்ணனையும் தங்கையையும். கட்டட அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர் அண்ணன். சட்டைப்பையில் எப்போதும் இரும்பு அளவுகோல் இருப்பதால் எல்லோருக்கும் அவர் 'ஸ்கேல் சார்'. அவரோடு துப்பறியக் கிளம்புவதென்றால் தங்கைக்கு அடுப்பில் வைத்ததுகூட மறந்துபோகும்.

விஷயம் இதுதான். அவள் கணவர் ஜிப்சம் போர்டு மாட்டுபவர். ஒரு பெரியவரின் கூடத்தைத் தடுத்து, மகளுக்குத் தனி அறை போட்டுக்கொண்டிருந்தார். செவ்வாய் மாலை ஆறு பலகைகளையும் இரும்புச் சட்டத்தின் இருபுறமும் முடுக்கிவிட்டு, கருவிகளை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். மறுநாள் மகளின் தோல்பையைக் காணோம். அதில் அவளுடைய பாஸ்போர்ட்டும் இறந்துபோன தாயின் சங்கிலியும் இருந்தன. வெளியாள் இவர் ஒருவர்தான். இரண்டு நாளாகக் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள்.

"நாளைக்குக் கேஸ் எழுதிடுவாங்களாம். அப்புறம் எந்த வீட்டுல அவரை உள்ளே விடுவாங்க?"

அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டார். "நீங்களும் வாங்கம்மா."

அந்த வீட்டில் பெரியவர் முகம் கொடுத்தே பேசவில்லை. வலது உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. "வெந்நீர் பட்டுடுச்சு" என்றார், யாரும் கேட்காமலே. மகளின் கண்கள் வீங்கியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை அவள் வெளிநாட்டில் இரண்டு வருட வேலைக்காக விமானம் ஏற வேண்டியவள்.

"செவ்வாய் சாயங்காலம் எங்கேம்மா இருந்தே?" என்று அவளிடம் கேட்டார் அண்ணன்.

"பெட்டி வாங்கத் தோழியோட போயிருந்தேன். அப்பா மட்டும்தான் வீட்டுல."

புதுச் சுவருக்கு இன்னும் பட்டி பூசவில்லை. தங்கை ஏற இறங்கப் பார்த்தாள். மூலையில் இருந்த ஒடுக்கமான ஆறாவது பலகைக்கு மேலே மட்டும் விரற்கடை இடைவெளி. அதன் அடிப்பக்கம் ஈரம் ஊறி உப்பியிருந்தது.

"அண்ணா, மனுஷர் கடைசியில அவசரப்பட்டுட்டார்" என்றாள் மெதுவாக.

போர்டுக்காரரின் மனைவிக்கு அது காதில் விழுந்துவிட்டது. சுருக்கென்று கோபம் வந்தது. "அவரா? தரையிலேர்ந்து அரை அங்குலம் தூக்கித்தாங்க அடிப்பார். வீடு துடைக்கிற தண்ணி ஊறிடும்னு. காலால மிதிச்சுப் பலகையைத் தூக்கறதுக்குன்னே ஒரு கட்டை வச்சிருக்கார்."

அண்ணன் குந்தி உட்கார்ந்து அளவுகோலைப் பலகைகளுக்கு அடியில் நுழைத்தார். ஐந்திலும் வழுக்கிக்கொண்டு போயிற்று. ஆறாவதில் முட்டி நின்றது.

"அவர் மாட்டினப்போ இதுவும் தூக்கித்தான் இருந்திருக்கும். அதுக்கப்புறம் யாரோ கழட்டித் திரும்ப மாட்டியிருக்காங்க. காலால தூக்கற வித்தை தெரியாம தரையிலேயே நிறுத்திட்டாங்க. அதான் மேலே இடைவெளி, கீழே ஈரம்."

"அவரே கழட்டியிருந்தா?" என்றார் பெரியவர்.

"அவர் கை தூக்காம மாட்டாது, ஐயா. அவருக்கு ஸ்க்ரூவை மெஷின்ல முடுக்கித்தான் பழக்கம். பழக்கமில்லாதவங்க கையால திருகினா, திருப்புளிப் பிடி அழுத்தற இடத்துல கொப்புளம் வரும். உள்ளங்கையோட நடுவுல. அந்தத் துணியைக் கொஞ்சம் அவிழ்க்கறீங்களா?"

பெரியவர் அவிழ்க்கவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். மகளே திருப்புளியை எடுத்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றினாள். சுவரின் வயிற்றுக்குள் தோல்பை இருந்தது.

"உனக்குன்னுதானேம்மா இந்த ரூம் கட்டினேன்" என்று பெரியவர் உடைந்து அழுதார். "தனி ரூம் இருந்தா நீ போக மாட்டேன்னு நெனச்சேன். நீ பெட்டி வாங்கப் போயிட்டே."

அவர்மேல் கோபப்படத்தான் பார்த்தாள் தங்கை, முடியவில்லை.

போர்டுக்காரரின் மனைவிக்கு முடிந்தது. "உங்க பொண்ணு ரெண்டு வருஷத்துல திரும்பி வந்துடும், ஐயா. திருடன்னு வாங்கின பேர் எப்போங்க திரும்பிப் போகும்?"

மகள் தொலைபேசியில் காவல் நிலையத்தின் எண்ணைப் போட்டு, அதைத் தந்தையின் கையில் வைத்தாள்.

"நீங்களே சொல்லுங்கப்பா."

பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுமுனையில் யாரோ எடுத்தார்கள்.

"சார்... அந்தப் போர்டுக்காரரை விட்டுடுங்க. எடுத்தவன் நான்தான்."