பொங்காத மாவு

மூன்று நாளாகியும் மாவு பொங்கவில்லை.

யேசுதாஸ் குண்டானுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தார். எண்ணூரின் சித்திரை வெயிலில் காலையில் அரைத்தது சாயங்காலமே மூடியைத் தள்ளிக்கொண்டு வழியும். இதுவோ புளிக்கவும் இல்லை, கெடவும் இல்லை, அரைத்த நிமிடத்துப் பச்சை வாடையோடு, ஒரு குமிழிகூட விடாமல், பூசி மெழுகின தரை மாதிரிக் கிடந்தது.

"அரிசிக்கடைக்காரன் மட்ட சரக்கத் தள்ளிட்டான்" என்றார்.

"நீ யாரத்தான் நம்புவ நைனா? எதிர்வூட்டு ராமசெல்வி அக்காவும் அதே அரிசிதான். அங்க பொங்கி வழியுது."

மகள் ஜெமிமாவுக்கு ஒன்பதாம் மாதம். மூச்சு வாங்கிக்கொண்டே நீல டிரம்மில் சொம்பை விட்டுத் தண்ணீர் மொண்டு குடித்தாள். புருஷன் கப்பலில். அப்பனுக்கு டீக்கடைத் தண்ணீரே போதும். டிரம் தண்ணீர் அவள் குடிக்கவும் மாவு அரைக்கவும் மட்டும்தான்.

அதே அரிசி. அதே லாரித் தண்ணீர். டிரம்தான் வேறு.

போன மாதம் காயலான் கடையில் அவரே தட்டித் தட்டிப் பார்த்து எடுத்தது. ஒட்டியிருந்த இங்கிலீஷ் சீட்டைப் படிக்கத் தெரியாது. சுரண்டி எறிந்துவிட்டு, புளியும் மணலும் போட்டு நாலு தரம் தேய்த்துக் கழுவினார். இப்போது மூடியைத் திறந்தார். உள்சுவரில் பொட்டுப் பாசி இல்லை.

காயலான் கடைக்கே போய்க் கேட்டார். கடைக்கார சௌக்கத் அலி எதையும் மறைக்கவில்லை. "ஆராய்ச்சி லேப்லேர்ந்து வந்த டிரம்மு, பெருசு. உசுரு வளராம நிறுத்தி வெக்கிற மருந்தாம். எலிக்குக் குடுத்துப் பாப்பாங்களாம்."

"செத்துடுமா பாய்?"

"சாவாதாம். அப்டியே நிக்குமாம்." ஆணி பொறுக்கிய கை நின்றது. "அதுல இன்னா ஊத்தி வெச்சிகினு கீற?"

யேசுதாஸ் வீட்டைப் பார்த்து நடந்தார். அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்று பல்லில் நறநறத்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் டிரம்மை எட்டி உதைத்தார்.

"இன்னாத்துக்கு நைனா தண்ணியக் கொட்டற?" கட்டிலில் இருந்தபடியே கேட்டாள் ஜெமிமா. "லாரி இனிமே நாளன்னிக்குத்தான்."

"கொழந்த ஆடுதா?"

"காலைல ஒதைச்சான்."

"அப்பறம்?"

யோசித்தாள். "அப்பறம் இன்னா. அந்த ஒத தான், இன்னும் கீது."

அவர் கையை இழுத்து வயிற்றின் மேல் வைத்தாள்.

நைட்டித் துணிக்கு மேலேயே தெரிந்தது. விலாவுக்குக் கீழே, தோலைத் தள்ளிக்கொண்டு, ஒரு சின்னக் குதிகால்.

காத்திருந்தார். ஃபேன் சுற்றியது. கன்டெய்னர் லாரி ஒன்று தெருவைக் குலுக்கிப் போனது.

விரலால் அழுத்தினார்.

சூடாக இருந்தது.

குதிகால் உள்ளே போகவில்லை.