குப்புற வைத்த தாள்

அந்த ஞாயிறு மதியமும் கம்பவுண்டர் வழக்கம்போல மருந்துக்கடைக்கு மேலேயுள்ள அறைக்கு வந்து, மேசையில் வரைபடத்தை விரித்தார். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி, கற்பனைக் காட்டில் அலையும் ஆட்டம் அது. கதையை நடத்துபவர் அவர்தான். புயலை வரவழைக்கலாம், பாலத்தைக் கொளுத்தலாம். அடுத்தவர் பாத்திரத்தின் சுண்டுவிரலைக்கூட அவர் அசைக்கக் கூடாது. ஒவ்வொரு பாத்திரத்தின் குணமும் பலமும் ஒரு தாளில் எழுதியிருக்கும்; ஆட வராதவரின் தாளைக் குப்புற வைத்துவிடுவார்கள். அந்தப் பாத்திரம் தூங்குகிறது என்று அர்த்தம்.

தாடி என்று எல்லோரும் கூப்பிட்ட கூட்டாளியின் தாள் இரண்டு மாதமாகக் குப்புறக் கிடந்தது. தாடி செத்து இரண்டு மாதம்.

அன்று ஆட வந்தவள் தாடியின் தங்கை மட்டும்தான். மற்றவர்கள் ஏதேதோ சாக்குச் சொல்லி நழுவிவிட்டார்கள்.

"அண்ணனோட வில்லாளி தூங்கிட்டுத்தானே இருக்கான்?" என்று கேட்டாள். அண்ணன் என்று அவளுக்கு மிஞ்சியது அந்த ஒரு தாள்தான்.

கம்பவுண்டருக்கோ எரிச்சல். செத்தவன் பாத்திரத்தை எத்தனை நாள் கட்டிச் சுமப்பது? பாலம் எரியும் கட்டம் வந்ததும் தாளை நிமிர்த்திவிட்டார்.

"வில்லாளி எழுந்துட்டான். 'நீ போ'ன்னு சொல்லிட்டு நெருப்புல குதிச்சுட்டான். முடிஞ்சுது."

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எங்கண்ணன் ஒருநாளும் என்னைப் போன்னு சொன்னதில்லையே."

அறையில் கிராம்பு வாசம் பரவியது. தாடியின் வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும்.

"என்னைக் கேட்டியாடா?"

குரல் காலி நாற்காலியிலிருந்து வந்தது.

கம்பவுண்டர் கதவைப் பார்த்தார்.

"கம்பவுண்டர் எழுந்திருக்கல," என்றது குரல், சாவகாசமாக, கதை நடத்துகிற தோரணையில்.

கால் எழவில்லை.

"கம்பவுண்டர் கத்தல."

தொண்டை அடைத்துக்கொண்டது.

"விட்டுடுண்ணா," என்று விசும்பினாள் தங்கை. "தெரியாம பண்ணிட்டாரு."

வாசம் கலைந்தது. கம்பவுண்டர் விழுந்தடித்துக் கீழே ஓடினார். வியர்வை துடைக்கக் கைக்குட்டையைத் தேடியபோது, சட்டைப் பையில் ஒரு தாள் தட்டுப்பட்டது. தாடியின் சாய்ந்த கையெழுத்து.

பாத்திரம்: கம்பவுண்டர். பலம்: மூன்று. அறிவு: எட்டு. பொறுமை: இல்லை. ஆடுபவர்: தாடி.

கிழிக்கப் போனார். கை கிழிக்கவில்லை. தாளைப் பதமாகக் கடை மேசைமேல் வைத்தது.

"சார், இருமலுக்கு மருந்து இருக்கா?" என்றபடி ஒரு பெண் கடைக்குள் வந்தாள்.

பதில் சொல்ல வாயெடுத்தார். வெறும் காற்றுகூட வரவில்லை. தாள் மெல்லப் புரண்டு குப்புறப் படுத்தது.

கம்பவுண்டருக்குக் கண் சொருகியது.